முதலில் குடியாத்தம் மச்சானுக்குச் சொல்ல வேண்டும்

ஆம்பூர்,
வைகாசி 14, புதன்கிழமை.

குடியாத்தம் மரியாதைக்குரிய மைத்துனர் ராஜகோபால் அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் தங்கை சுந்தரியின் வீட்டுக்காரன் சீனிவாசன் ஆம்பூரிலிருந்து வணங்கி எழுதுவது. இங்கே நான், சுந்தரி, உங்கள் மருமகள் ஹரிணி மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் யோகலட்சுமி அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் பன்னிரண்டு தறிகளும் கரண்ட் போகாமல், நூல் அறாமல் லுங்கி நெய்துகொண்டே இருக்கவும் பள்ளிகொண்டா ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. சம்பிரதாயமாக எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கால் கிலோ பேடா சகிதமாக நான் உங்கள் தறிக்கொட்டகை வாசலில் வந்து நின்றதும், நீங்கள் தட்டைக் கையால்கூடத் தொடாமல் "பட்டம் கட்டறதுக்கு வேற எவனாவது மாமன் இருந்தா பார்த்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். நான் வாசலில் நின்றபடியே முழு விளக்கமும் சொன்னேன். இருபது நிமிடம் சொன்னேன். பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஓடும்போது ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தில் தறிச் சத்தம் கிடையாது. ஆகவே தயவுசெய்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். ஹரிணிக்கு இருப்பது ஒரே தாய்மாமன். மணமேடையில் அவள் நெற்றியில் பட்டம் கட்ட நீங்கள் நிற்கவில்லை என்றால், மேளம் எதற்கு, பந்தல் எதற்கு? சுந்தரி இந்த ஆறு நாளாக என்னிடம் பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் போடுகிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் போன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹரிணிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது நம் வீட்டில் போன் அடித்த அடி உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அடித்ததில் பாதி நீங்கள். காலை ஏழு மணிக்குத் தறியைப் போட்டதும் ஒரு போன், சாயங்காலம் தறியை நிறுத்தியதும் ஒரு போன். "இன்னா சுந்தரி, கொழந்தைக்கு எதனா அமைஞ்சுதா?" இல்லை அண்ணா. ஆலங்காயம் துரைசாமிச் சித்தப்பா தினமும் ஒரு போன். இல்லை சித்தப்பா. என்னோடு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், சுந்தரியோடு கோயிலுக்குப் போகிறவர்கள், எப்போதோ ஒரு ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு நாள் இருபத்தாறு போன். இருபத்தாறுக்கும் பதில் ஒன்றே, இல்லை. அன்றைக்குச் சுந்தரி கல்லில் ஊற்றிய தோசை ஒன்றுகூட உருப்படவில்லை, எல்லாம் கரி. ஹரிணி சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை, மச்சான். ஆனால் தன்னால் அம்மா ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் அவளுக்கு அழுகை. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

வெளியே வந்தவள் சொன்னாள். "அப்பா, ஒவ்வொருத்தரும் திரும்பத் திரும்ப சேதி இருக்கா, சேதி இருக்கான்னு கேக்கறாங்க. கேக்கறவங்களுக்கும் பேஜாரு, சொல்றவங்களுக்கும் பேஜாரு. ஒரு தடவ பேரக் குடுத்துட்டுப் போய்ட்டா, இருக்கறப்ப நாமளே சொல்லிடலாம். நான் ஒரு பக்கம் போடறேன்." பக்கம் என்றால் இணையத்தில் ஒரு பக்கம். ஹரிணி பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி செய்கிற வேலையே இந்த மாதிரிதானாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு அவள் விளக்க விளக்க, மச்சான், நான் வாயைப் பிளந்தவன்தான், இன்னும் மூடவில்லை.

எங்கள் கம்பெனி கேட்டில் மக்பூல் அகமது என்று ஒருவர் இருந்தார், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பச்சைத் தோல் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் ஆள் கேட்டுக்கு நடந்து போய் "லோடு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவான். நாள் முழுவதும் இதே நடை. ஒரு நாள் மக்பூல் கத்திவிட்டார். "அரே, எதுக்குப் பா சும்மா சும்மா வந்துக்கினு? பேர எழுதி வெச்சுட்டுப் போங்க. லாரிக்காரன் எங்கிட்ட மட்டும் சொல்லுவான், நான் உங்க எல்லாருக்கும் சொல்றேன்." அவ்வளவுதான், நடை நின்றது, வேலை நடந்தது. ஹரிணி போட்ட பக்கத்துக்கும் நடுவில் இப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயர் ஹப். அவர் ஆளும் இல்லை, கேட்டும் இல்லை, எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர். நாம் பக்கத்தில் ஏதாவது எழுதினால், "புதுசு இருக்கு" என்று அவரிடம் ஒரே ஒரு சொல் போகும். அவர் வந்து பார்த்து, அள்ளிக்கொண்டு போய், பேர் கொடுத்த எல்லாருக்கும் அந்த நொடியே கொடுத்துவிடுவார். அதில் நம் வீட்டு முத்திரை வேறு இருக்குமாம், நம் பெயரில் வேறு எவனும் புரளி அனுப்ப முடியாது. முப்பத்து நாலு வருடம் தோலைத் தடவித் தரம் பிரித்தவன் நான், ஓட்டை எங்கே என்று விரல் முதலில் தேடும். இதில் தேடிப் பார்த்தேன், ஒரு ஓட்டை இல்லை. அதனால்தான் பின்னால் நான் செய்த தப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாமல் போயிற்று.

இன்னொரு விஷயம், உங்களுக்குக் கோபம் வந்த விஷயம். பேர் கொடுத்தால் போதாது. ஹப் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். "கேட்டது நீங்கள்தானா? தொடர்ந்து வேண்டுமா?" என்று ஒரு எண்ணோடு வரும், ஆமாம் என்று அந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தரம் இப்படி. அனுப்பாவிட்டால் பேர் தானாக உதிர்ந்துவிடும். சாதாரணமாக இதையெல்லாம் மெஷினுக்கு மெஷின் பேசித் தீர்த்துக்கொள்ளுமாம். நம் வீட்டில் மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஹரிணி வைத்ததற்குக் காரணம் துரைசாமிச் சித்தப்பா. அவர் முதல் நாளே ஆலங்காயத்தில் தன் தெரு முழுவதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஹரிணி, மாமா சிரமப்படக் கூடாதே என்று உங்கள் நம்பரைத் தானே எழுதினாள். உங்களுக்கும் கேள்வி போயிற்று. அன்று சாயங்காலம் நீங்கள் போனில் கேட்டது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "என் தங்கச்சி பொண்ணு விஷயத்துல, நீதானான்னு எவனோ என்னயே கேக்கறான். நான் யாருன்னு அவனுக்கு ருசு காட்டணுமா? எனக்குச் சொல்றதா இருந்தா மொத ஆளா நேர்ல வந்து சொல்லு." வைத்துவிட்டீர்கள். அன்றோடு காலை ஏழு மணி போனும் நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நின்ற பிறகுதான் சுந்தரிக்கு அது வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு அடுப்படியிலிருந்து எட்டிப் போனைப் பார்ப்பாள்.

இனி வியாழக்கிழமை. பள்ளிகொண்டா ஜெயசீலன் வீட்டு வரன், பையன் பெயர் கார்முகிலன், தோல் சோதனைக் கூடத்தில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பத்து நாள் சத்தமே இல்லை. காலை பதினொன்று இருபதுக்கு ஜெயசீலன் போன் செய்து, "எங்களுக்குப் பூரண சம்மதங்க" என்றார். ஹரிணியும் கார்முகிலனும் பேசிக்கொண்டபோதே இரண்டு பேர் முகத்தையும் பார்த்திருந்தேன், அது நடக்காமல் போனால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயந்திருந்தேன். சந்தோஷம் தாங்காமல் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். முதல் யோசனை நீங்கள். தாய்மாமனுக்குத்தான் முதல் சொல், அதுவும் நேரில், வெற்றிலை பாக்கோடு. இது எனக்குத் தெரியாதா? எனக்கோ ரிட்டயர் ஆனதிலிருந்து மறதி ஜாஸ்தி, எதையும் உடனே குறித்து வைப்பது வழக்கம். எதிரில் ஹரிணியின் கம்ப்யூட்டர் திறந்திருந்தது, அதில் எழுத ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. குறித்து வைத்தேன். "ஹரிணிக்கு அமைந்துவிட்டது. முதலில் குடியாத்தம் மச்சானுக்குச் சொல்ல வேண்டும்." எழுதியது அழிந்துவிடக் கூடாதே என்று கீழே இருந்த பட்டனையும் அழுத்தினேன்.

விரலை இன்னும் எடுக்கவில்லை. அடுப்படியில் சுந்தரியின் போன் மணி அடித்தது. விரலை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு மணி, மாடியில் ஒரு மணி, தெருவில் போகிற தள்ளுவண்டிக்காரர் இடுப்பில் ஒரு மணி, அவர் எப்போது பேர் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள், இங்கே இரண்டும் ஒன்றாக வந்து நின்றன. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், மச்சான்! வாணியம்பாடி, வேலூர், பெங்களூர், கம்பெனியில் என்னோடு இருந்து இப்போது துபாயில் இருக்கும் இஷ்தியாக் அகமது உட்பட, ஒரே நொடி. நம் கல்யாணப் பத்திரிகை வைக்க எத்தனை செருப்புத் தேயும்? என் கல்யாணத்துக்கு ஆலங்காயம் சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகை போய்ச் சேர்ந்ததே தாலி கட்டி நாலாம் நாள். இங்கே என் மனதில் ஒன்று தோன்றி அது துபாய் போய்ச் சேர எடுத்த நேரம், நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எடுத்த நேரத்தைவிடக் குறைவு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தப்பு செய்துவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

நான் எழுந்து நிற்பதற்குள் பக்கத்து வீட்டு ஷஹீன் பானு சர்க்கரைக் கிண்ணத்தோடு வாசலில். "முபாரக் அண்ணே! ஆனா மொதல்ல குடியாத்தம் அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?" போட்டதை எடுத்துவிடலாம் என்று ஓடினேன். இரண்டாவது வரியை மட்டும் அழித்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். அழித்ததும் ஒரு புதுச் செய்திதானாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி மணி, "ஹரிணிக்கு அமைந்துவிட்டது." முதலில் மச்சானுக்குச் சொல்ல வேண்டும் என்றவன் இப்போது அதை எடுத்துவிட்டான், ஆகவே மச்சானுக்குச் சொல்வதாக இல்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பதறிப்போய், "மேலே கண்டது தவறு, மன்னிக்கவும்" என்று எழுதி அழுத்தினேன். பட்டியலில் ஜெயசீலனும் இருப்பதை மறந்துவிட்டேன். உடனே போன். "இன்னாங்க இது, இப்பதான் சரின்னோம், அதுக்குள்ள தப்புன்னு போட்டுட்டீங்க? எங்க பையங்கிட்ட இன்னா தப்பக் கண்டீங்க?" அவரைச் சமாதானப்படுத்த, "மாப்பிள்ளை வீட்டார் மேல் தவறில்லை, தவறு முழுவதும் என் மேல்" என்று எழுதினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. துரைசாமிச் சித்தப்பா போனில் அழுகிறார். "சீனு, நீ இன்னாடா பண்ணித் தொலச்ச? எதுவா இருந்தாலும் போலீசுக்குப் போவாம பேசித் தீர்த்துக்கலாம்." அப்போதுதான் ஹரிணி குளித்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதன் கதவை மெதுவாக மூடி, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு குடியாத்தம் பஸ்ஸைப் பிடித்தேன். எப்படியும் உங்கள் பேர் பட்டியலில் இல்லை, உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நேரில் போய் முதல் ஆளாகச் சொன்னதாகவே ஆகிவிடும் என்று வழியெல்லாம் ரங்கநாதரைக் கூப்பிட்டேன். எண்ணெய் முந்துகிறதா, திரி முந்துகிறதா என்கிற நிலைமை. உங்கள் வாசலில் வந்து வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "காலைலேந்து பதினேழு போனு மாப்ள. பதினேழு பேரும் ஒரே கேள்வி, 'உங்களுக்குச் சொல்லிட்டாங்களா?' துபாய்லேந்து ஒருத்தன் கேக்கறான். நான் இன்னான்னு பதில் சொல்றது?" அதற்கு ஒன்று சொல்கிறேன். சம்மதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முதலில் நினைத்தது யாரை என்பதற்கு இந்தியாவிலும் வெளிநாட்டிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு சாட்சி இருக்கிறது. வேறு எந்த மாமனுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே மைத்துனர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முழுத் தப்பும் என்னுடையது, தாய்மாமனைக் கடைசி ஆளாக்கிவிட்டேன், இனி எந்தப் பட்டனையும் தொடுவதில்லை என்று சுந்தரி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனேன், அவள் தலையைக் கொடுக்கவில்லை. ஜெயசீலனைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது, இரண்டு வீட்டைத் தவிர இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஹரிணிகூடப் பக்கத்தில் போடவில்லை. அந்தத் தேதியை உங்களிடம் முதலில் சொல்லவே இந்தக் கடிதம்: ஆவணி 19, வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரை. உறையைப் பிரிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். நெற்றிப் பட்டத்தோடு வந்து நின்றால் அன்றைக்கு உங்கள் காலில் விழவும் தயார், முட்டிவலி இடம் கொடுத்தால்.

யோகலட்சுமி அக்காவுக்கு என் வணக்கம். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, தறி ஓட்டுகிறவர்களுக்கு என் விசாரிப்பு. ரங்கநாதர் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்ட
சீனிவாசன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் தப்பை ஒப்புக்கொண்ட பகுதிகள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உறையை ஒட்டப் போகும்போது, பத்திரிகை அனுப்பப் பேர்களை எடுப்பதற்காக ஹரிணி அந்தப் பட்டியலைத் திறந்தாள். முதல் பேர் யாருடையது என்று அவளுக்கு இரண்டு வருடமாகச் சந்தேகமாம். "தறி ரெண்டு" என்று மட்டும் இருக்கிறது. நம்பரைச் சுந்தரி எட்டிப் பார்த்தாள். உங்கள் கொட்டகை ஆபீஸ் போன் நம்பர், மச்சான்! பக்கம் திறந்த நாள் ஏழு மணி போனில் சுந்தரி விஷயத்தைச் சொல்ல, எட்டு ஐம்பதுக்கே, ஊரில் எவரும் சேருவதற்கு முன்னால் சேர்ந்திருக்கிறீர்கள். நீதானா என்ற அதே கேள்விக்கு அன்று காலையிலேயே ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டு, சாயங்காலம் என்னிடம் ருசு காட்டணுமா என்று கத்தியிருக்கிறீர்கள். பத்து நாளைக்கு ஒரு தரம், எழுபத்து மூன்று தடவை. தீபாவளி அன்று விடிகாலையிலும் ஒன்று. உங்களுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நடந்த மறுநாளும் ஒன்று, கட்டோடு எப்படி எண்ணைப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. துரைசாமிச் சித்தப்பா ஆறு தடவை உதிர்ந்து ஏழு தடவை சேர்ந்திருக்கிறார், நீங்கள் ஒரு தடவைகூட உதிரவில்லை. ஏழு மணி போன் நின்றது கோபத்தால் இல்லை, கேட்காமலே தெரிந்துவிடும் என்பதால்தான் என்று இப்போது புரிகிறது. ஹப் பட்டியல் வரிசைப்படிதான் கொடுப்பாராம். வியாழக்கிழமை "அமைந்துவிட்டது" போய்ச் சேர்ந்த முதல் ஆள் நீங்கள். இரண்டாவது ஷஹீன் பானு, கண்ணை ஒரு தடவை இமைப்பதில் பாதி நேரம் பின்னால். வழக்கம் தவறவே இல்லை, தாய்மாமனுக்குத்தான் முதல் சொல் போயிருக்கிறது! நான் செய்யத் தவறியதை ஒரு மெஷின் செய்து முடித்திருக்கிறது. இதைப் படித்ததும் சுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணன் கோச்சுக்கினு போன நிறுத்தலியா அப்ப?" என்று கேட்டாள், ஆறு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

இன்னும் ஒரு குறிப்பு, வியாழன் காலை: எழுபத்து நாலாவது கேள்வி இன்று காலை போக வேண்டிய முறை. ஹரிணி உங்களுக்கு மட்டும் கேள்வியை மாற்றி எழுதினாள். "மாமா, பட்டம் கட்டப் போறது நீங்கதானா?" என்று. நான் தொடவில்லை, அவளே அனுப்பினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்துவிட்டது. "ஆமா. நான்தான்." ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன், படிக்காவிட்டாலும் பரவாயில்லை. மணி ஏழு, சுந்தரியின் போன் அடிக்கிறது, கரண்டியோடு ஓடுகிறாள், பேசுவது நீங்கள்தான் என்று அவள் குரலிலேயே தெரிகிறது. தோசை கருகுகிற வாசனை வருகிறது, நான் போய் அடுப்பை அணைக்க வேண்டும்.